றெஜினா ஆலாத்தி எடுத்த சனிக்கிழமை

றெஜினா கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு கடைத்தொகுதியில் சப்பாத்து விற்கிறாள். ஓடுகிறவர்களும் பந்தடிக்கிறவர்களும் போடுகிற சப்பாத்து. வருகிறவரை இருத்தி, தான் முழங்காலில் நின்று, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று அமத்திப் பார்த்து, இதைவிட அரை அளவு பெரிதாக எடுங்கள் என்று பிரெஞ்சில் சொல்லுவாள். அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளும் ஒரு காலத்தில் நாடு நாடாக ஓடியவள் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் சனத்துக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அவளுக்கு இந்தக் கதி வந்தது.  அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சொந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை றோஸ்மேரி. அவளுடைய புருஷன் றெக்ஸ். றெக்ஸின் தங்கை பாரிசில் இருக்கிறாள். அவளுடைய மகள்தான் றெஜினா. றெக்ஸை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வயதில் என்னிலும் இளையவன், அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

றெஜினாவின் தகப்பன் அருமைராசா மன்னார் ஆள். பாரிசுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அந்த மாடிக்குக் கீழே நகரசபையின் டென்னிஸ் திடல் ஒன்று இருந்தது. தாய் வேலையால் வரும்வரைக்கும் பிள்ளை அதன் கம்பி வலையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்குமாம். ஒரு நாள் அங்கே பழக்குகிற மனுஷி உள்ளே கூப்பிட்டுக் கையில் ஒரு றக்கெற்றைக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு பிள்ளையைத் திடலில் இருந்து பிரித்து எடுக்க முடியவில்லை. பதினைந்து வயதில் ஒரு கழகம் அவளை எடுத்து வளர்த்தது. பதினெட்டில் அதுவே அவளுக்குத் தொழில் ஆயிற்று.

தொழில் என்றதும் எங்கள் சனம் தொலைக்காட்சியில் வருகிற வெள்ளிக் கோப்பையை நினைக்கும். அவள் பட்டது வேறு. போர்த்துக்கல், போலந்து, துனீசியா என்று பெயர் தெரியாத ஊர்களில் சின்னச் சின்னப் போட்டிகள். பார்க்க வருவது நாலு கிழவரும் ஒரு நாயும். இரவுப் பயணத்தில் உட்கார்ந்தபடியே நித்திரை. அடுத்த நாள் யாரை வெல்ல வேண்டுமோ அவளோடேயே ஓர் அறையைப் பங்குபோட்டுப் படுப்பாள். போட்ட உடுப்பைக் கை கழுவும் தொட்டியில் அலசி, றக்கெற்றின் பிடியில் தொங்கவிட்டு, காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவாள். உலகத் தரவரிசையில் முன்னூறுக்குள் வந்த அன்று ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தனியாக அழுததாகச் சொன்னாள். ஏன் தனியாக என்று கேட்டேன். சொல்லி அழ யார் இருந்தது என்று திருப்பிக் கேட்டாள்.

உண்மையில் யாரும் இருக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் குடும்பம் அவளைப் பற்றிக் கதைத்த கதை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வாய் கொப்பளிக்க வேண்டும் போல இருக்கிறது. வெயிலில் கறுத்துப் போவாள், யார் கட்டுவான் என்றார்கள். தொடை தெரிய ஓடுகிறாள் என்றார்கள். தொடையைப் பார்த்தவர்கள்தான் அதையும் சொன்னார்கள். றெக்ஸ் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, "பொம்பிளைப் பிள்ளையை உப்பிடி ஊர் ஊராய் அலைய விட்டிட்டு எங்களுக்கு என்ன மரியாதை? கோயிலுக்குப் போனால் முகம் காட்ட ஏலாமல் கிடக்கு" என்று கத்தினதை நான் மேல்மாடியில் இருந்து கேட்டேன். அப்போது நான் மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியில், அவர்களுடைய வீட்டு மேல்மாடியில்தான் குடியிருந்தேன்.

பிறகு, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வசந்தத்தில், பாரிசில் நடந்த பெரிய போட்டியில் அவள் பேர்போன ஆட்டக்காரி ஒருத்தியிடம் ஒரு செற், அதாவது ஆட்டத்தின் ஒரு பகுதியை, வென்றுவிட்டாள். ஆட்டத்தில் தோற்றாள், ஆனால் அந்த ஒரு செற் தொலைக்காட்சியில் வந்தது. தமிழ் வானொலி 'எங்கள் இனத்தின் பிள்ளை' என்றது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் றெக்ஸ் ஆள் ஆளாகப் பிடித்து, "என்ர மருமகள்தான். சின்னனிலையே நான் சொன்னனான், இவள் வருவாள் எண்டு" என்று சொல்லிக்கொண்டு நின்றான். சீ, என்ன வாய் அது என்று நினைத்தேன். அவனுக்கு வெட்கம் என்ற ஒன்றை வைக்க மறந்து கடவுள் அனுப்பியிருக்கிறார்.

அந்த ஆவணியில் பெண்களுக்கான பெரிய போட்டி மொன்றியலில் நடந்தது. ஜாரி பூங்கா அரங்கு, எங்களுக்குக் கூப்பிடு தூரம். தரவரிசையில் மேலே உள்ளவர்கள் நேரே முதன்மைச் சுற்றுக்குப் போவார்கள். றெஜினா போன்றவர்கள் தகுதிச் சுற்றில் சனியும் ஞாயிறும் வென்றால்தான் உள்ளே. போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் விடுதியில் தங்கத்தான் அவள் நினைத்தாள். தாய் விடவில்லை. மாமன் வீடு இருக்க ஹோட்டலில் தங்கினால் சனம் என்ன சொல்லும் என்று அழுது, றெக்ஸின் வீட்டுக்கே அனுப்பிவைத்தாள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்த முதல் பிழை அது.

கீழ்வீட்டில் நண்டும் இறைச்சியுமாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு தின்னு தின்னு என்றதால், மேலே என் குசினிக்கு வந்து வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். போன வருடம் இதே மாதம் எடுத்த தரவரிசைப் புள்ளிகள் இந்த மாதம் கழிந்துவிடும். இங்கே முதன்மைச் சுற்றுக்குள் நுழைந்தால் அது ஈடாகும். நுழையாவிட்டால் அவள் சரிந்துவிடுவாள், இதுவரை போக்குவரத்துச் செலவைப் பார்த்த கழகமும் கையை விரித்துவிடும்.

"அன்ரி, ரெண்டு ஆட்டம்தான். ரெண்டையும் வெண்டால் நான் இன்னும் ஒரு வருசம் ரெனிஸ் விளையாடுவன். இல்லாட்டி முடிஞ்சுது" என்றாள். அழவில்லை. முட்டைக் கோதை ஒழுங்காகக் கூட்டி ஒரு பக்கம் வைத்தாள்.

சனி காலை ஆட்டத்தை வென்றாள். நான் ஜான்-டலோன் சந்தையில் வேலை செய்த மரக்கறிக் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். எனக்கு அந்த ஆட்டம் விளங்காது. ஆனால் மெலிந்த அந்தப் பிள்ளை வலது கையை ஓங்கி அடிக்கிற அடியைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்தது. வென்ற பிறகு என்னைப் பார்த்து அந்தக் கையை உயர்த்திக் காட்டினாள். ஞாயிறு ஒரு ஆட்டம் மட்டும் மிச்சம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் றெக்ஸின் மூத்த மகள் ஷெறினுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை பெரியபிள்ளையாகி எட்டு மாதமாகிவிட்டது. மருமகள் வருகிற கிழமைக்கென்று பார்த்தே விழா ஹோலை வாடகைக்கு எடுத்திருந்தான். மகளுக்கா கொண்டாட்டம், மருமகளைக் காட்டவா கொண்டாட்டம் என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

"மாமா, நாளைக்கு எனக்கு மட்ச். நான் படுக்க வேணும்" என்று றெஜினா சொன்னாள். என் காதால் கேட்டேன்.

"ஒரு மணித்தியாலம் வந்து நிண்டிட்டுப் போ பிள்ளை. ஆலாத்தி எடுத்திட்டு ஓடிப் போய்ப் படு. உன்ர பேரைக் கார்ட்டிலயும் போட்டாச்சு."

பாரிசில் இருந்து தாயும் தொலைபேசியில் சொன்னாள், மாமா கேட்டு மாட்டேன் என்று சொல்லாதே என்று. தோற்கிறதுக்குப் பழகியிருந்த அந்தப் பிள்ளைக்கு மாட்டேன் என்று சொல்ல மட்டும் பழக்கம் இல்லை.

ஹோலைப் பற்றி என்ன சொல்ல. வாசலில் புகை அடிக்கும் மெசின். மேடையில் பிளாஸ்டிக் அன்னம் இரண்டு, நடுவில் சிம்மாசனம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மணப்பெண் அலங்காரம் பண்ணிப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். பிள்ளை வியர்த்து வடிந்து எப்போது முடியும் என்று முழித்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்குத் தீட்டு வந்ததை ஊர் கூட்டிப் படம் பிடிப்பதைப் போல அருவருப்பு உலகத்தில் வேறு இல்லை. அதையும் ஜெபத்தோடுதான் தொடங்கினார்கள்.

றெஜினாவுக்கு இரவல் சேலை. தோள் அகலம் என்று சட்டையைக் கிழித்து ஊசி குத்தியிருந்தார்கள். போகிற வருகிற பெண்டுகள் எல்லாம் அவளுடைய புயத்தைக் கிள்ளிப் பார்த்து, ஆம்பிளைக் கை மாதிரி இருக்கு என்று சிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்கு இவ்வளவு நுள்ளு விழாது.

ஆலாத்தி, அதாவது பிள்ளைக்கு முன்னால் விளக்குத் தட்டைச் சுற்றி ஆரத்தி எடுக்கிறது, கல்யாணம் கட்டிய பெண்களின் வேலை. கட்டாத பிள்ளை எடுக்கலாமோ என்று ஒரு மனுஷி கேட்க, "அவள் வேர்ல்ட் பிளேயர், அவள் எடுக்கலாம்" என்று றெக்ஸ் சொன்னான். நான் விதவை, ஆதலால் பின்வரிசைக் கதிரை. எந்த வேதாகமத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உலகத் தரவரிசை இருந்தால் சடங்கும் வளையும் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

தட்டு நிறைய வாழைப்பழத் துண்டு, துண்டுக்கு ஒரு திரி, திரி நனைய எண்ணெய். ஒரு பக்கம் றெஜினா பிடித்தாள், மறு பக்கம் என் தங்கை றோஸ்மேரி. ஒரு தரம் சுற்றி முடித்தார்கள். வீடியோக்காரன் கிறகரி, "வெளிச்சம் காணாது, இன்னொருக்கா" என்றான். சுற்றினார்கள். "றெஜினா கமராவைப் பாக்கேல்லை, இன்னொருக்கா." திரிகள் எரிந்து எண்ணெய் கொதித்து, பழமும் கருகி மணக்கத் தொடங்கிவிட்டது. நான் கதிரையில் இருந்து எழும்பி, "காணும், போதும், இறக்குங்கோ" என்று சத்தம் போட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களும் திரும்பவில்லை.

கமரா றோஸ்மேரியின் பக்கம் திரும்பியது. அவளுடைய பதக்கச் சங்கிலி தோளுக்குப் பின்னால் போயிருந்தது. பதக்கத்தை முன்னுக்கு இழுத்துவிட அவள் தட்டில் இருந்து கையை எடுத்தாள். என் கூடப்பிறந்தவள். தட்டு சரிந்து, எரிகிற திரிகளும் கொதியெண்ணெயும் றெஜினாவின் வலது கையில் கொட்டின.

அவள் தட்டை விடவில்லை. விட்டிருந்தால் எல்லாம் ஷெறினின் மடியில் விழுந்து அந்த நைலோன் சேலை பற்றியிருக்கும். எரிகிற தட்டை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, மேடையில் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. உதட்டைக் கடித்த இடத்தில் இரத்தம் வந்தது.

நான் ஓடிப் போய்க் குசினிக்கு இழுத்துப்போய்க் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தேன். பெருவிரலின் அடியில் இருந்து மணிக்கட்டு வரை தோல் வெளுத்து எழும்பிவிட்டது. ஒரு மனுஷி பற்பசை பூச வந்தாள், துரத்தினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன் என்றபோது றெக்ஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஆக்கள் பாக்கினம், பெரிசுபடுத்தாதையுங்கோ. சின்னச் சூடுதானே, பேந்து பாப்பம். ஒரு குடும்பப் படம் மட்டும் எடுத்திட்டு அனுப்புறன்."

படமும் எடுத்தான். வெந்த கை தெரியாமல் இருக்க அந்தக் கையிலேயே ஒரு பூங்கொத்தைத் திணித்தார்கள். காம்பு அந்தப் புண்ணில் அமர, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.  அதன் பிறகுதான் நானும் அவளும் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஞாயிறு மத்தியானம் கட்டோடு விளையாடினாள். பார்க்கப் போனது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் களைப்பு. முதல் சில நிமிடம் அடித்தாள். பிறகு கொப்புளம் உடைந்து கட்டு நனைந்தது, றக்கெற் கையில் வழுக்கியது. இடது கையால் அடித்துப் பார்த்தாள். நடுவர் வந்து நிறுத்துவோமா என்று கேட்டபோது தலையாட்டி மறுத்தாள். கடைசிப் புள்ளிவரை விளையாடித் தோற்று, எதிராளிக்கு இடது கையைக் கொடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் றெக்ஸ் மிச்சப் புரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "என்ன, வெண்டாளோ?" என்று கேட்டான். தோற்றுவிட்டாள் என்றேன். "நானும் நினைச்சனான். நேற்று மேடையிலயும் ஒரு உசார் இல்லாமல்தான் நிண்டவள்" என்று சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினான்.

பாரிசுக்குப் போன பிறகு புண் கிருமி பிடித்தது. ஆறியபோது பெருவிரலடித் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. றக்கெற்றை முன்பு போலப் பிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் விளையாடாததால் இருந்த இடமும் போயிற்று, கழகமும் மரியாதையாகக் கடிதம் எழுதிக் கைகழுவியது. சின்னப் போட்டிகளில் மறுபடி முதலில் இருந்து தொடங்கிப் பார்த்தாள். அங்கே பதினாறு வயதுப் பிள்ளைகளே அவளைத் தோற்கடித்தார்கள். இரண்டு வருடத்தில் விட்டுவிட்டாள்.

விழா நடந்த அந்த வருடமே, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸ் நேரம், இங்கே சாமத்திய வீட்டு டிவிடி வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு றெக்ஸ் போட்டுக் காட்டினான். ஆலாத்திக் கட்டம் வந்தது. மெதுவாக அசைகிற படம், பின்னால் பாட்டு, கீழே 'உலகப் புகழ் பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை' என்ற எழுத்து. றோஸ்மேரியின் கை பதக்கத்துக்குப் போகிறது. தட்டு சரியத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் திரையின் நடுவில் ஒரு சிவப்பு றோசாப்பூ முளைத்து, விரிந்து விரிந்து, முழுத் திரையையும் மூடியது. பூ மறைந்தபோது எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்த சனம் கைதட்டியது. றெஜினா இழுத்துப் பிடித்திராவிட்டால் எரிந்திருக்கக்கூடிய மகளும் பக்கத்தில் இருந்து சிப்ஸ் தின்றது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளை. ஆனால் தாயும் தகப்பனும் அந்தப் பூவைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். அடுத்த மாதமே மேல்மாடியைக் காலி பண்ணிக்கொண்டு சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குப் போய்விட்டேன்.

இரண்டாயிரத்து ஏழில் றெஜினா வேலை அனுமதி எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். தன்னோடு ரெனிஸ் பழகினவர்களைத் தினம் காணாத ஊர் வேண்டும் என்றாள். என்னோடுதான் இருக்கிறாள். டிவிடியில் றோசாப்பூ முளைத்த கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். காலையில் மெட்ரோ எடுத்து லவாலுக்குப் போய்ப் பின்னேரம் வருகிறாள். ஆவணி மாதத்தில் மட்டும் ஜாரி பூங்காப் பக்கம் போகாமல் சுற்றி நடப்பாள். மற்றப்படி நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள்.

போன வசந்தத்தில் றெக்ஸின் இளைய மகளும் பெரியபிள்ளையானாள். றோஸ்மேரி தொலைபேசியில் அழுது, றெஜினாவைக் கூப்பிட வேண்டும், நீயும் கூடப் போ என்றாள். அவன் எந்த முகத்தோடு கேட்கப் போகிறான் என்று பார்க்கவே நானும் அவனுடைய காரில் ஏறினேன்.

கடைக்குள் றெஜினா ஒரு பெட்டியோடு நின்றாள். "பொன்ஜூர், மாமா" என்றாள். அவன் கார்ட்டை நீட்டினான்.

"சனிக்கிழமை ஹோல். முந்தி நீ ஆலாத்தி எடுத்த டிவிடி எல்லா வீட்டிலயும் ஓடினது. ரொறன்ரோவில இருந்தும் கேட்டு வாங்கினவை. இந்த முறையும் நீதான் எடுக்க வேணும். றக்கெற்றையும் கொண்டு வா, மேடைக்கு ஏறேக்கை கையில பிடிச்சுக்கொண்டு வந்தால் வடிவாய் இருக்கும்."

றெஜினா பெட்டியைக் கீழே வைத்தாள். வலது கையை விரித்து அவனுக்கு முன்னால் நீட்டினாள். அந்தக் கை முழுதாக விரியாது. பெருவிரல் உள்ளே இழுபட்டு, அடித்தோல் மெழுகு உருகின மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும்.

றெக்ஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"அட, இது எப்ப பட்டது, பிள்ளை? சமைக்கேக்கை சுட்டுப்போட்டியோ?"

நான் அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அத்தனை தரம் அந்த டிவிடியைப் பார்த்தவனுக்கு அந்த இடத்தில் ஒரு பூதான் ஞாபகம்.

றெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, "றோசாப்பூ பட்டது, மாமா" என்றாள்.

"றோசாப்பூவோ?"

"ஓம். சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு." கார்ட்டை இடது கையால் திருப்பிக் கொடுத்துவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரின் காலடியில் முழங்காலில் இருந்தாள்.

கார் கடைத்தொகுதியை விட்டு வெளியே வந்தது. சிவப்பு விளக்கு மாறிக் காரை எடுத்தபோது றெக்ஸ் சொன்னான்.

"பாத்தியளே அக்கா, பிரான்ஸ் பிள்ளையளின்ர பெருமையை? எங்களுக்காக ஒரு சனிக்கிழமையை விட்டுத்தர ஏலாமல் போச்சு அவளுக்கு."

"காரை நிப்பாட்டும்" என்றேன். இறங்கி, மெட்ரோவுக்கு நடந்து போனேன்.